அரசுச் சுவரில் ‘வெறும் நிறம்’ உண்டா?

(திருச்சி கைலாசபுரத்தில் அம்பேத்கர் பிறந்தநாளையொட்டி நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்தக் கூட்டத்துக்கு என்னை அழைத்த தோழர் தொலைபேசியில் ஒரு நிபந்தனை போட்டார். “உங்க ஆராய்ச்சியப் பத்தியே பேசுங்க. ஆனா எங்களுக்குப் புரியிற மாதிரி பேசுங்க” என்றார். அரசுக் கட்டடங்களின் வெளிச்சுவரில் வைக்கப்படும் கலையைப் பற்றித்தான் ஆய்வு செய்கிறேன் என்றேன். அம்பேத்கர் சிலை, பெரியார் சிலை என்றால் சரி என்றார். சிலை மட்டுமில்லை தோழர், உருவமே இல்லாத ஓவியமும் உண்டு, வட்டம், கோடு, வண்ணப் பட்டை என்று வைக்கிறார்களே, அதையும் சேர்த்துத்தான் என்றேன். கொஞ்ச நேரம் அமைதியாக இருந்துவிட்டுக் கேட்டார்: “அதுல என்ன தோழர் சாதி வரப்போகுது? அது வெறும் நிறம்தானே?”

அவருடைய கேள்விக்கு அன்றைக்குத் தொலைபேசியில் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இந்த உரை முழுவதும் அந்தப் பதில்தான்.

நாம் எல்லோருமே பேருந்தில் போயிருக்கிறோம். ஒரு ஊரின் எல்லையில் மின்கம்பம் நிற்கும். அதில் இரண்டு நிறத்தில், சில இடத்தில் மூன்று நிறத்தில், பட்டை அடித்திருக்கும். எழுத்து எதுவும் இருக்காது, தலைவர் படமும் இருக்காது. வெறும் நிறம்தான். ஆனால் அந்த இரண்டு பட்டையைப் பார்த்ததும் இது யாருடைய ஊர், இங்கே இறங்கித் தண்ணீர் கேட்கலாமா கூடாதா, எந்தத் தெரு வழியாகப் போகலாம் என்று நமக்குத் தெரிந்துவிடும். சின்ன வயதில் அம்மாவோடு சொந்தக்காரர் வீட்டுக்குப் போகும்போது நான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றது கடைப் பலகையில். நிறத்தைக் கூட்டிப் படிக்கக் கற்றது மின்கம்பத்தில். இரண்டில் எதை முதலில் கற்றேன் என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

உருவமில்லாத ஓவியத்தை நம் சிற்றிதழ்கள் அரூப ஓவியம் என்று எழுதிவந்தன. கலைக்கூடத்தில் அதன் முன்னால் நிற்கிறவர்கள் “ஒன்றும் புரியவில்லை” என்பார்கள். தமிழ்நாட்டில் அந்தப் பேச்சே பொருந்தாது. இரண்டு நிறத்தை அடுத்தடுத்து வைத்தாலே பொருள் எடுக்கிற மக்கள் நாம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கையில் கட்டும் கயிற்றின் நிறத்தை வைத்துப் பக்கத்தில் உட்காருவதா வேண்டாமா என்று முடிவெடுக்கிறார்கள். நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு தலித் மாணவரும் அவருடைய தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு, நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒரு நபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அந்தக் குழு கொடுத்த பரிந்துரைகளில் ஒன்று, மாணவர்கள் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடைசெய்ய வேண்டும் என்பது. தென்மாவட்டங்களில் மின்கம்பம், பாலம், குடிநீர்த் தொட்டி ஆகியவற்றில் அடித்திருந்த சாதி நிறங்களை நிர்வாகமே ஆள் வைத்து அழித்தது. மின்கம்பம் அரசுச் சொத்து, தண்ணீர்த் தொட்டியும் அரசுச் சொத்து. அரசுச் சொத்தின் மேல் பூசும் நிறத்துக்குப் பொருள் உண்டு என்று அரசுக்கே தெரியும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

ஆகவே தோழருக்கு என் முதல் பதில்: நம் மண்ணில் வெறும் நிறம் என்று ஒன்று கிடையாது. நிறத்தை யார் பூசினார்கள், யார் இடத்தில் பூசினார்கள் என்பதோடு சேர்த்துத்தான் அதைப் படிக்கிறோம்.

இதை வைத்துக்கொண்டு நம் ஊருக்கு வருவோம். இங்கிருந்து புதுக்கோட்டைச் சாலைப் பக்கம் போனால் திருச்சி விமான நிலையம். அதன் புதிய முனையத்தைப் பிரதமர் 2024 ஜனவரி 2ஆம் தேதி திறந்துவைத்தார். 1,100 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. அதே ஆண்டு ஜூன் முதல் பயணிகள் பயன்படுத்துகிறார்கள். திறப்பு விழாவின்போது வந்த அரசு அறிவிப்பு, கோலக் கலையும் ஸ்ரீரங்கம் கோயிலின் வண்ணங்களும் இந்த முனையத்தின் உள்ளேயும் வெளியேயும் இடம்பெற்றிருப்பதாகப் பெருமையோடு சொன்னது. அதாவது, திருச்சியின் பண்பாடு என்ன என்று ஒரு ஒன்றிய அரசு நிறுவனம் கேட்டுக்கொண்டு, கோபுரத்தின் நிறம், வாசல் கோலம் என்று அதற்குப் பதிலையும் எழுதிக்கொண்டது.

நான் கோபுரத்தை வெறுத்துப் பேசவில்லை. ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் 236 அடி உயரம். நூற்றாண்டுகளாக மொட்டையாக நின்ற அது 1987இல்தான் கட்டி முடிக்கப்பட்டது. கல் சுமந்தவர்கள், சாரம் கட்டியவர்கள், சுதை செய்தவர்கள், வண்ணம் அடித்தவர்கள் என்று அதில் எத்தனையோ பேரின் உழைப்பு இருக்கிறது. என் கேள்வி வேறு. அந்தக் கோபுரத்தின் நிறத்தைக் கோயிலிலிருந்து உரித்து எடுத்து, ‘இது எல்லோருக்கும் பொதுவான அழகு’ என்று அரசுக் கட்டடத்துக்கு உடுத்திவிடும்போது, கூடவே வர வேண்டிய வரலாறு எங்கே போகிறது?

நம்மில் பலருடைய கொள்ளுத் தாத்தாக்கள் தங்கள் வாழ்நாளின் பெரும்பகுதி கோபுரத்தை வெளியே நின்று மட்டுமே பார்த்தவர்கள். கோயில் நுழைவுக்குச் சென்னை மாகாணத்தில் முழுமையான சட்டம் வந்தது 1947இல். உள்ளே போன பிறகும் கருவறைக்கு முன்னால் ஒரு கோடு நின்றது. அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்று 2006இல் அரசு ஆணை போட்டு, பயிற்சிப் பள்ளிகளைத் தொடங்கியது. ஸ்ரீரங்கத்திலும் ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. படித்து முடித்த பிள்ளைகள் பல ஆண்டுகள் காத்திருந்தார்கள். 2021 ஆகஸ்டில் 24 பேருக்குப் பணி ஆணை கொடுத்தார்கள். அதற்கு எதிராகவும் வழக்கு. அந்த ராஜகோபுரத்துக்கு எதிரே பெரியார் சிலை வைக்கப்போனபோது, 2006 டிசம்பரில், திறப்பதற்கு முன்பே அதை உடைத்தார்கள். பிறகு வெண்கலத்தில் வைக்க வேண்டியிருந்தது. கோபுரத்தின் நிறம் விமான நிலையச் சுவருக்கு எந்தத் தடையும் இல்லாமல் வந்துசேர்ந்தது. கோபுரத்தின் எதிரே நின்று கேள்வி கேட்டவரின் உருவம் அங்கே நிற்பதற்கே போலீஸ் காவல் தேவைப்பட்டது.

அந்த முனையத்தின் வழியாக யார் போகிறார்கள் என்றும் பாருங்கள். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வளைகுடாவுக்கும் வேலைக்குப் போகிற டெல்டாக்காரர்கள், புதுக்கோட்டை, பெரம்பலூர், அரியலூர்க்காரர்கள். கட்டடம் கட்டவும் கப்பல் பட்டறையில் வெல்டிங் அடிக்கவும் வீட்டு வேலை செய்யவும் கடன் வாங்கி டிக்கெட் எடுத்தவர்கள். திருச்சியின் அடையாளம் என்று கேட்டால் அவர்களிடம் வேறு பதில்கள் இருந்திருக்கும். பொன்மலை ரயில்வே பட்டறையையும் 1946 செப்டம்பர் 5 அன்று அங்கே சுடப்பட்டு இறந்த ஐந்து தொழிலாளர்களையும் சொல்லியிருப்பார்கள். உறையூர்த் தறியையும் சுருட்டையும் சொல்லியிருப்பார்கள். செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டிக் கண் மங்கியவர்களையும், காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர்களையும் சொல்லியிருப்பார்கள். நாம் உட்கார்ந்திருக்கும் இந்தக் கைலாசபுரத்தைச் சொல்லியிருப்பார்கள். செக்கோஸ்லோவாக்கியாவின் உதவியோடு 1960களில் வந்த கொதிகலன் ஆலை இது. பெயரில் கைலாசம் இருக்கிறது, ஆனால் முகவரியில் செக்டரும் வீட்டு எண்ணும்தான் இருக்கின்றன. முகவரியை வைத்துச் சாதியைக் கண்டுபிடிக்க முடியாத தெருக்கள் நம் மாவட்டத்தில் எத்தனை இருக்கின்றன? சாதி இங்கே ஒழிந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் ஒரு அரசு நினைத்தால் இப்படியும் ஒரு ஊரைக் கட்டலாம் என்பதற்கு இது சான்று. இதற்கு ஒரு நிறம் கொடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்து கோலம். என் ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. உலகத்தில் அரூபக் கலையைத் தினமும் செய்கிற மக்கள் யார் என்று கேட்டால் நான் தமிழ்ப் பெண்களைத்தான் சொல்வேன். புள்ளி வைத்து, கோடு இழுத்து, தொடங்கிய இடத்திலேயே முடிக்கிற சிக்குக் கோலத்தின் கணக்கு சாதாரணமானதல்ல. சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1970களில் கோலத்தை வைத்துக் கணினி அறிவியலில் ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார்கள். கோலம் அக்ரகாரத்தின் சொத்து என்றும் நினைக்காதீர்கள். சேரியிலும் கோலம் உண்டு, குப்பத்திலும் உண்டு. அரிசி மாவு கிடைக்காத வீட்டில் சுண்ணாம்புக்கல் பொடியில் போட்டார்கள்.

அப்படிப்பட்ட கோலத்துக்கு அரசு கொடுத்த இரண்டு மரியாதைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 2019 டிசம்பர் 29 அன்று சென்னை பெசன்ட் நகரில் சில இளம்பெண்கள் தெருவில் கோலம் போட்டார்கள். குடியுரிமைத் திருத்தச் சட்டம் வேண்டாம் என்று அந்தக் கோலத்தில் எழுதினார்கள். போலீஸ் வந்து அவர்களைப் பிடித்துக்கொண்டு போனது. பார்க்கப் போன வழக்கறிஞர்களையும் விடவில்லை. மறுநாள் தமிழ்நாடு முழுக்க வாசல்களில் அதே கோலம். நான்கு ஆண்டுகள் கழித்து, அதே கோலம் விமான நிலையத்தின் அலங்காரம். கோலம் போட்ட பெண் தன் வாயால் ஒரு சொல் சொன்னால் அது சட்டம் ஒழுங்குப் பிரச்சினை. அவளை விலக்கிவிட்டு வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் அது பண்பாடு. அரசுக்குப் பிடித்த அரூபம் இந்த வகை. ஆளைக் கழித்துவிட்டு மீதியை வைத்துக்கொள்வது.

ஆளைக் கழிப்பதில் அதிகாரத்துக்கு ஒரு வசதி இருக்கிறது. ஜெய்ப்பூரில் ராஜஸ்தான் உயர்நீதிமன்ற வளாகத்தில் மனுவின் சிலை நிற்கிறது. 1989இல் வைத்தார்கள். அதே ஆண்டு நீதிபதிகள் கூடி அகற்றச் சொன்னார்கள். அதற்குத் தடை வாங்கப்பட்டு இன்றுவரை நிற்கிறது. 2018 அக்டோபரில் மகாராஷ்டிரத்திலிருந்து இரண்டு பெண்கள் போய் அதன் மேல் கறுப்பு மை பூசினார்கள். முகம் இருந்தது, அதனால் மை பூச முடிந்தது. அந்தச் சிலை என்ன சொல்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்தது, அதனால் அதோடு சண்டை போட முடிந்தது. உருவம் இல்லாத ஒரு சுவர் அதே மனு நீதியைச் சொன்னால் நீங்கள் எங்கே போய் மை பூசுவீர்கள்?

இன்னொரு பக்கம், நம்முடைய முகங்களுக்கு என்ன நடக்கிறது? தமிழ்நாட்டில் ஊர் ஊராக அம்பேத்கர் சிலைகள் கம்பிக் கூண்டுக்குள் நிற்கின்றன. 2023 ஜூலையில் நீதிமன்ற வளாகங்களில் காந்தி, திருவள்ளுவர் தவிர வேறு படங்களோ சிலைகளோ கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு அம்பேத்கர் படம் அகற்றப்படாது என்று அரசுத் தரப்பில் சொல்லப்பட்டது. அரசியல் சட்டம் எழுதியவரின் படம் நீதிமன்றச் சுவரில் இருக்கலாமா என்பதே விவாதமாகிற நாட்டில், சர்ச்சையே இல்லாத வண்ண வடிவம் என்பது அதிகாரிக்குக் கிடைத்த நிம்மதி. நாளைக்கு ஒரு மாவட்ட ஆட்சியர் அலுவலகம் கட்டுகிறார்கள், வெளியே யார் சிலை வைப்பது என்று தகராறு வருகிறது என்றால், “ரெண்டு கலர் அடிச்சு விட்ருங்க, பிரச்சினை இல்ல” என்பதுதான் எளிய வழி.

இதுவரை கேட்டவர்கள், இவர் நவீன ஓவியத்துக்கு எதிரி, ஊர் முழுக்கச் சிலை மட்டும் போதும் என்கிறார் என்று நினைக்கலாம். நான் அப்படிச் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னவர்கள் யார் என்று வரலாற்றில் பார்த்துவிட்டுத்தான் நாம் பேச வேண்டும். 1937இல் மியூனிக் நகரத்தில் நாஜிகள் நவீன ஓவியங்களைத் தொங்கவிட்டு, ‘சீரழிந்த கலை’ என்று பெயர் வைத்து, மக்களைச் சிரிக்கச் சொன்னார்கள். திடமான உடம்பு, தெளிவான முகம், வீரம் பொங்கும் பார்வை, இவை மட்டுமே கலை என்று சொல்கிற இடத்தில் எப்போதும் ஒரு பிறப்புக் கணக்கு ஒளிந்திருக்கும்.

அரூபம் மேட்டுக்குடியின் சொத்து என்பதும் பொய். இந்தியாவின் தொடக்ககால அரூபச் சிற்பங்களில் ஒன்று சாந்திநிகேதனில் இருக்கிறது. 1940இல் செய்தது. ‘விளக்குத் தண்டு’ என்று அதற்குப் பெயர். செய்தவர் ராம்கிங்கர் பைஜ். வங்காளத்தின் பாங்குராவில் முடிதிருத்தும் குடும்பத்தில் 1906இல் பிறந்தவர். பளிங்குக்கும் வெண்கலத்துக்கும் காசில்லாத காரணத்தால் செம்மண் சரளையையும் சிமென்ட்டையும் குழைத்துச் சிற்பம் செய்தார். சந்தால் பழங்குடிக் குடும்பம் ஒன்று மூட்டை முடிச்சோடு இடம்பெயர்ந்து போவதை ஆளுயரத்துக்கும் மேலாக 1938இல் திறந்தவெளியில் நிறுத்தினார். அவரைத்தான் பிறகு தில்லி ரிசர்வ் வங்கிக் கட்டடத்தின் வாசலுக்குச் சிற்பம் செய்ய அழைத்தார்கள். பொதுக் கட்டடங்களில் கலைஞர்களுக்கு இடம் தர வேண்டும் என்று நேரு சொன்ன காலம் அது. இந்த முறை யட்சன், யட்சி வேண்டும். ஒருபுறம் தொழில் வளம், ஒருபுறம் வேளாண் வளம். யட்சன் கையில் பணப்பை. 1967இல் அந்த வேலை முடிந்தது. யட்சிக்கு உடையில்லை என்று மாநிலங்களவை வரைக்கும் புகார் போனது. ஒரே கலைஞர், ஒரே கை. யாரும் கேட்காமல் தானாகச் செய்தபோது பழங்குடிக் குடும்பம் நடந்துபோனது. அரசு கேட்டுச் செய்தபோது செல்வத்தின் தெய்வங்கள் காவல் நின்றன. உருவமா அரூபமா என்பது இங்கே பிரச்சினையே இல்லை. என்ன செய்வது என்ற முடிவு யார் கையில் இருந்தது என்பதுதான் பிரச்சினை.

நம் இயக்கமே ஒரு நிறத்தைக் கையில் வைத்திருக்கிறது. அம்பேத்கர் 1942இல் தொடங்கிய பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் கொடி நீலம். இன்றைக்கு ஒரு சுவரில் எழுத்தில்லாமல், படமில்லாமல் நீலத்தை மட்டும் பூசினாலே சிலருக்குக் கோபம் வருகிறது, நமக்குத் தெம்பு வருகிறது. மின்கம்பத்துப் பட்டையும் நிறம்தான், இந்த நீலமும் நிறம்தான். ஒன்று ‘இது எங்கள் ஊர், நீ உள்ளே வராதே’ என்கிறது. இன்னொன்று ‘நானும் இங்கே இருக்கிறேன்’ என்கிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து, எல்லாம் அடையாள அரசியல்தான் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள்.

அடுத்து சொல்லப்போவது கண்ணகி நகர். சென்னையின் தெற்கு விளிம்பில், பழைய மகாபலிபுரம் சாலைக்கு அந்தப் பக்கம், குடிசை மாற்று வாரியம் கட்டிய 15,000க்கும் மேற்பட்ட வீடுகள். 2000ஆம் ஆண்டு வாக்கில் தொடங்கி, கூவம் கரையிலிருந்தும் அடையாற்றுக் கரையிலிருந்தும் நகரத்தின் நடுவிலிருந்தும் மக்களைக் கொண்டுபோய் அங்கே இறக்கினார்கள். பெரும்பாலும் தலித் மக்கள், நகரத்தைச் சுத்தம் செய்கிறவர்கள், சுமை தூக்குகிறவர்கள், வீட்டு வேலை செய்கிறவர்கள். வேலை ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம். கண்ணகி நகர் என்று முகவரி எழுதினால் வேலை கிடைக்காது என்பது அந்த ஊர்ப் பிள்ளைகளின் அனுபவம்.

2020இல் அந்தக் குடியிருப்புகளின் வெளிச்சுவர்களில் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளையும் ஆசியன் பெயின்ட்ஸ் நிறுவனமும் மாநகராட்சியின் ஒத்துழைப்போடு பெரிய பெரிய ஓவியங்கள் வரைந்தன. முகங்கள், வடிவங்கள், கண்ணைப் பறிக்கும் வண்ணங்கள். ஊரின் கெட்ட பெயர் மாறும் என்றார்கள். படம் எடுக்க ஆட்கள் வந்தார்கள். ஓவியர்கள் உழைத்து வரைந்தார்கள், அங்கிருந்த மக்களில் பலர் சந்தோஷப்பட்டார்கள். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். சாம்பல் சுவரைவிட வண்ணச் சுவர் நல்லதுதான். நம் மக்களுக்கு அழகு தேவையில்லை, கழிவறை மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் அதுவும் சாதிய மனம்தான்.

ஆனால் அந்த ஊருக்குக் கெட்ட பெயரை யார் கொடுத்தது? நகரத்திலிருந்து தூக்கி எறிந்தவர்கள் கொடுத்தது. எறிந்த கை தன்னைப் பற்றிச் சுவரில் எதுவும் எழுதவில்லை. எந்த ஆற்றங்கரையிலிருந்து எத்தனை குடும்பம் வந்தது, எந்த வருடம் எந்தப் பிள்ளையின் படிப்பு நின்றது என்று ஒரு சுவரில்கூட எழுத வேண்டும் என்று அரசுக்குத் தோன்றவில்லை. வெளியே வண்ணம் பளிச்சென்று இருக்கிறது. உள்ளே மாடிப்படி, தண்ணீர், பேருந்து பற்றிய புகார்கள் அப்படியே இருக்கின்றன. கடைசியில் அந்த ஊரின் பெயரை நாடு முழுக்கத் தலைநிமிர்ந்து சொல்ல வைத்தது எந்த பெயின்ட்டும் இல்லை. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் கபடித் தங்கம் வாங்கி வந்த கண்ணகி நகர் கார்த்திகா அதைச் செய்தார்.

அப்படியானால் என்ன செய்யலாம்? அமெரிக்காவில் நடந்த ஒரு தகராறைச் சொல்கிறேன். அங்கே ஒன்றிய அரசுக் கட்டடம் கட்டினால் செலவில் அரை விழுக்காடு கலைக்கு என்று 1960களிலிருந்து ஏற்பாடு உண்டு. நியூயார்க்கில் ஒரு அரசு அலுவலகத்தின் முன்னால் ரிச்சர்ட் செர்ரா என்ற சிற்பி 1981இல் 120 அடி நீளம், 12 அடி உயரத்தில் ஒரு சாய்ந்த இரும்புச் சுவரை நிறுத்தினார். சுத்தமான அரூபம். அங்கே வேலை செய்த ஊழியர்கள், சாப்பாட்டு நேரத்தில் உட்காரும் முற்றத்தை இது இரண்டாகப் பிளக்கிறது என்று எதிர்த்தார்கள். 1985இல் பொது விசாரணை வைத்தார்கள். 180 பேர் பேசினார்கள். 122 பேர் இருக்கட்டும் என்றார்கள், 58 பேர் எடுக்கச் சொன்னார்கள். குழு எடுக்கத்தான் பரிந்துரைத்தது. 1989இல் எடுத்துவிட்டார்கள். யார் பக்கம் நியாயம் என்று கலை உலகில் இன்னும் சண்டை நடக்கிறது. நம் கண்ணில் பட வேண்டியது வேறொன்று. எழுத்தர்களும் வழக்கறிஞர்களும் ஓவியர்களும் ஒரே அறையில் உட்கார்ந்து ஒரு இரும்புத் தகட்டைப் பற்றிப் பேசினார்கள், பேசியது பதிவானது. அதையும் சிற்பத்தை வைத்த பிறகு செய்ததுதான் அவர்கள் தவறு. நாம் வைப்பதற்கு முன்னாலேயே கேட்கலாம்.

இங்கே தொழிற்சாலை வந்தால் சுற்றுச்சூழல் பாதிப்பு பற்றிக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தச் சட்டம் இருக்கிறது. அது எந்த லட்சணத்தில் நடக்கிறது என்பது வேறு கதை. ஆனாலும் கேட்பதற்கு ஒரு பிடி இருக்கிறது. அரசுக் கட்டடத்தின் முகத்தில் எதை வைப்பது என்பதற்கும் அப்படி ஒரு பிடி வேண்டும். அந்தப் பகுதி மக்களிடம் கேட்க வேண்டும். தேர்வுக்குழுவில் யார் இருக்கிறார்கள், எவ்வளவு பணம் என்பதை வெளியிட வேண்டும்.

ஒதுக்கீடும் வேண்டும். ஒன்றிய அரசு நிறுவனங்கள் வாங்கும் பொருட்களில் பட்டியல் சாதி, பழங்குடியினரின் சிறு, குறு நிறுவனங்களுக்கு 4 விழுக்காடு இலக்கு இருக்கிறது. நாற்காலி வாங்குவதற்கே ஒரு கணக்கு இருக்கும்போது சுவரில் கலை வைப்பதற்கு ஏன் இருக்கக் கூடாது? “தகுதியான ஓவியர்கள் கிடைக்கவில்லை” என்பார்கள். தோழர்களே, இந்தத் திருச்சியின் சுவர்களில் முப்பது நாற்பது ஆண்டுகள் எழுதியவர்கள் யார்? சினிமா, கட்சி, மாநாடு, மளிகைக்கடை என்று இரவெல்லாம் சாரத்தில் தொங்கிக்கொண்டு அளவு பிசகாமல் எழுதியவர்கள். ஃப்ளெக்ஸ் பேனர் வந்து அவர்கள் தொழிலைத் தின்றது. அவர்களில் நம் ஆட்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். சிலர் இன்று வீட்டுக்கு வெள்ளை அடிக்கிறார்கள், சிலர் காவலாளி வேலை பார்க்கிறார்கள். நிறத்தைப் பற்றியும் எழுத்தைப் பற்றியும் அவர்களுக்குத் தெரிந்ததில் பாதிகூட எனக்குத் தெரியாது. பெரிய ஓவியர் வடிவமைக்க, இவர்கள் தினக்கூலிக்கு நிறம் நிரப்புவது என்ற ஏற்பாடு வேண்டாம். வடிவமைப்பிலேயே இவர்கள் இருக்க வேண்டும். வரைந்து முடித்ததும் சாரம் கட்டியவர் வரைக்கும் பெயர் அந்தச் சுவரில் இருக்க வேண்டும்.

அப்படி நடந்தால், அவர்கள் உருவம் வரைந்தாலும் சரி, அரூபம் வரைந்தாலும் சரி, எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒடுக்கப்பட்டவர்கள் எப்போதும் தங்கள் வலியைத்தான் வரைய வேண்டும், சங்கிலியும் கண்ணீரும்தான் வரைய வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் ஒரு வகை அடக்குமுறைதான். ஒரு தலித் ஓவியர் அரசுச் சுவரில் வெறும் வட்டம் வரைந்துவிட்டு, “எனக்குப் பிடிச்சிருந்துச்சு, வரைஞ்சேன்” என்று சொல்லிவிட்டுப் போகிற நாள் வர வேண்டும். அன்றைக்கு வேண்டுமானால் நம் தோழர் சொன்ன வெறும் நிறம் பிறக்கலாம். அதற்கு முன்னால் மின்கம்பங்களிலிருந்து அந்தப் பட்டைகள் போயிருக்க வேண்டும்.

கடைசியாக, கல்லூரியில் படிக்கிற தோழர்களுக்கு ஒரு வேலை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடக் கட்டணம் 10 ரூபாய். உங்கள் ஊரில் அண்மையில் கட்டிய ஒரு அரசுக் கட்டடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஆட்சியர் அலுவலகமோ பேருந்து நிலையமோ விமான நிலையமோ, எதுவாகவும் இருக்கட்டும். நான்கு கேள்வி கேளுங்கள். வெளிச்சுவரில் உள்ள கலை வேலைப்பாட்டுக்கு எவ்வளவு செலவானது? யார் தேர்ந்தெடுத்தார்கள்? எத்தனை கலைஞர்கள் விண்ணப்பித்தார்கள்? அந்தப் பகுதி மக்களிடம் கேட்டீர்களா? வருகிற பதிலை எனக்கும் அனுப்புங்கள். என் ஆய்வுக்கு உதவும் என்று சொன்னால் சுயநலமாக இருக்கும். ஆனாலும் சொல்கிறேன், உதவும்.